ஈஸ்டர் வரைக்கும் ஒதுக்கிய மீன்

அந்தத் துறைமுகத்தில் இருந்த காலம் முழுக்க என்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. ஓரிரு தடவை முயன்று பார்த்துவிட்டு, 'ஃப்ராவ் டொக்டர்' என்று வைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா என்கிற மாதிரி. மரியாதைதான். ஆனால் வெறும் மரியாதையைத் துணைக்கு வைத்துக்கொண்டு எத்தனை சாயங்காலங்களைத் தள்ள முடியும்?

எழுபதுகளின் பிற்பகுதி அது. ஜெர்மனியில், கீல் பல்கலைக்கழகத்தில் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியிருந்தேன். ஊருக்குத் திரும்பினால் கல்யாணம் என்று வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. திரும்பாமலிருக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. அது ஒரு தற்காலிக வேலையாக வந்தது. பால்டிக் கடற்கரையில், விரிகுடா ஒன்றின் வாயில் இருந்த சின்னத் துறைமுகத்தில் இறங்கும் மீனை அளந்து கணக்குச் சொல்ல வேண்டும். ரொட்டிக்கடைக்கு மேலே ஒரு அறை கொடுத்தார்கள். விடிவதற்குள் கீழே அடுப்பு மூட்டிவிடுவார்கள், தரை கதகதப்பாக இருக்கும். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நல்லது அந்தத் தரைதான்.

ஹெரிங் என்பது நம் சாளை மீனுக்குச் சொந்தக்கார மீன். அதே வெள்ளி மினுமினுப்பு, அதே கூட்டம் கூட்டமான வாழ்க்கை. கடலில் அது குறைந்துகொண்டே வந்ததால், வருஷத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று நாடுகள் கூடிப் பேசி வரம்பு போடத் தொடங்கியிருந்தார்கள். அந்த வரம்பைப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் எங்கள் துறைமுகத்துக்கு ஒரு பங்கு வந்தது. அதைக் கோட்டா என்றார்கள். அந்தப் பங்கில் எவ்வளவு பிடித்தாயிற்று, எவ்வளவு மிச்சம் என்று வாரா வாரம் ஏலக்கூடத்துச் சுவரிலிருந்த கரும்பலகையில் நான் எழுத வேண்டும். மற்ற நேரத்தில் ஒரு நீளமான மேஜை முன்னால் நின்று மீனின் நீளத்தை அளப்பேன், வயிற்றைக் கீறிச் சினை எந்த அளவு முற்றியிருக்கிறது என்று பார்த்துக் குறிப்பேன்.

மீனவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, பெரிய விசைப்படகு வைத்திருந்தவர்கள். இழுவை மடி என்கிற பை போன்ற வலையை வெளிக்கடலில் இழுத்துக்கொண்டே போவார்கள். இன்னொரு வகை, விரிகுடாக் கரையோரம் சின்ன வள்ளங்களில் போய்ச் செவுள் வலை போடுகிறவர்கள். அந்த வலை தண்ணீருக்குள் சுவர் மாதிரி நிற்கும். மீன் தலையை நுழைத்துவிட்டு, பின்வாங்கும்போது செவுள் மாட்டிக்கொண்டு தொங்கும். விசைப்படகு மீனைத் தேடிப் போகும். வள்ளக்காரர் மீன் தன்னிடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க ஹெரிங் வெளியே ஆழத்தில் இருக்கும். வசந்தம் வந்து தண்ணீர் கொஞ்சம் சூடேறியதும் முட்டையிட விரிகுடாவின் ஆழமில்லாத கரைக்கு வரும். அங்கே நடந்த எல்லாச் சண்டைக்கும் இந்த ஒரு வித்தியாசம்தான் வேர்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். மீனைக் கையால் தொட்டதே கல்லூரி ஆய்வுக்கூடத்தில்தான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் மீனைக் கீறிப் பார்த்தாலும் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. அந்த ஊரில் ஒருவருக்கொருவர் அன்பு காட்ட ஒரே வழி, செய்தித்தாளில் சுற்றி ரெண்டு மீன் கொடுப்பது. முதல் வாரங்களில் அப்படிக் கொடுத்தவர்களிடம் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒருவரும் கொடுக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டாம், வாங்கி ரொட்டிக்கடைக்காரருக்குக் கொடுத்திருக்கலாம் என்பது ரொம்பத் தாமதமாகத்தான் தோன்றியது.

ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஒரு புகைக்கூடம் இருந்தது. ஹெரிங்கைக் கம்பியில் கோத்து, மரத்தூள் புகையில் பொன்னிறமாக்கி எடுப்பார்கள். ஒரு காலை நேரம் அந்தப் பக்கம் போனபோது, வாசலில் ரப்பர் மேலங்கி போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தயங்கிக் கேட்டார்.

"நீங்கள் தமிழோ?"

கையிலிருந்த மீன்வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஆமா. நீங்க?"

"ஓம், நானும் தமிழ்தான். யாழ்ப்பாணம், பருத்தித்துறை."

நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கப்பலில் வேலை பார்த்து வந்து ஹாம்பர்க்கில் இறங்கி, அங்கேயிருந்து எப்படியோ இந்தப் புகைக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். இங்கே தங்குவதற்கான விண்ணப்பம் ஏதோ ஒரு அலுவலகத்தில் கிடந்தது. "ஆன்ட்ராக் குடுத்திருக்கிறன், டெர்மின் வரவேணும்" என்பார். விண்ணப்பத்துக்கும் அலுவலகம் சொல்லும் நாளுக்கும் அவரிடம் தமிழ் வார்த்தையே கிடையாது.

நான் எங்கள் ஊர் வழக்கப்படி 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டேன். சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சியோ? ஆரோ கடை முதலாளியைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு. அண்ணை எண்டு சொல்லுங்கோ."

நான் மீன் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தபோது இன்னும் சிரித்தார். "தின்னாமல் எப்பிடித் தங்கச்சி அளக்கிறியள்? அது உங்களுக்குப் பொய் சொல்லாதோ?"

அதன் பிறகு பத்துமணித் தேநீர் இடைவேளையில் தினமும் புகைக்கூடத்துப் பின்வாசலுக்குப் போவேன். பெரிதாக எதுவும் பேசமாட்டோம். காற்று எந்தப் பக்கம், எந்தப் படகு வந்தது, ரொட்டிக்கடையில் என்ன விலை. அந்தப் பத்து நிமிஷம் தமிழில் பேசிவிட்டால் மிச்ச நாளை ஜெர்மனில் ஓட்டிவிடலாம்.

முதல் வசந்தத்திலேயே விஷயம் முற்றியது. அந்த வருஷம் கோட்டா எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. விசைப்படகுக்காரர்கள் குளிர்காலம் முழுக்க வெளிக்கடலில் இழுத்தார்கள். நான் வாரா வாரம் பலகையில் மிச்சத்தைக் குறைத்து எழுதிக்கொண்டே வந்தேன். மார்ச் முடியும் முன்பே மிச்சம் தீர்ந்துபோனது. ஹெரிங் பிடிப்பதை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. வள்ளக்காரர்கள் அப்போதுதான் வலையைப் போட்டுவிட்டு, மீன் கரைக்கு வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்த வருஷம் ஒரு பெட்டி மீன்கூடக் கிடைத்திருக்கவில்லை.

உத்தரவைக் கரையோரம் போய்ச் சொல்ல வேண்டும். மீன்வள அதிகாரி மேற்குக் கரைக்குப் போனார். கிழக்குக் கரைக்கு என்னை அனுப்பினார். சைக்கிளில் போனேன். கரையின் கடைசி வீட்டில் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், தனியாக வள்ளம் ஓட்டிக்கொண்டிருந்தாள். கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்து நடமாட்டம் போய்விட்டது. அவர் ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து அவள் வள்ளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் காகிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வாயால சொல்லுங்க" என்றாள்.

"கோட்டா முடிஞ்சுபோச்சு. வலையை எடுத்துடணும்."

"யார் முடிச்சது?"

யாரென்று அவளுக்கும் தெரியும்.

"நீங்க எங்கேயிருந்து வந்தீங்க?"

"இந்தியாவிலேர்ந்து."

"அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்து, என் வீட்டு வாசல்ல நான் வலை போடக்கூடாதுன்னு சொல்றீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சரிபார்த்துக்கொள்கிற மாதிரி சொன்னாள். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு வள்ளத்தைத் தள்ளினாள். வலையை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தாள். நான் கரையில் நின்றேன். அது என் வேலை. எல்லா வலையும் வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவள் கணவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் ஹெரிங் வந்தது. கரையோரத் தண்ணீர் பாலாகக் கலங்கியது. கடற்புல்லில் முட்டை அடை அடையாக ஒட்டியிருந்தது. கடற்காக்கைகள் கத்திய கத்தல் ரொட்டிக்கடை மாடி வரைக்கும் கேட்டது. வள்ளக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்று பார்த்தார்கள். நான் தெருவில் நடந்தால் பேச்சு நின்றுபோகும். வணக்கம் சொன்னால் தலையசைப்பார்கள். அதுவும் மரியாதைக்குத்தான்.

இலையுதிர் காலத்தில் மீனவர் சங்கம் ஊர் விடுதியில் கூடியது. அடுத்த வருஷமும் இப்படியே விடமுடியாது, வலைவாரியாகப் பிரிக்க வேண்டும் என்பது பேச்சு. விசைப்படகுக்காரர்கள் ஜன்னல் பக்கத்து மேஜைகளில். வள்ளக்காரர்கள் அடுப்புப் பக்கம். எனக்கு இரண்டுக்கும் நடுவில், வாசலை ஒட்டி ஒரு நாற்காலி. சங்கத் தலைவரும் விசைப்படகுக்காரர்தான். உயரமான, நிதானமான மனிதர். எனக்கு அந்த நாற்காலியை இழுத்துப் போட்டதும் அவர்தான்.

"கடல்ல இருக்கிற மீனுக்கு விலாசம் கிடையாது" என்று ஜன்னல் பக்கத்தில் ஒருவர் சொன்னார். "நாங்க புயல்ல போறோம். படகுக் கடன் கட்டறோம். கரையில உக்காந்து காத்திருக்கிறவங்களுக்கு எதுக்குத் தனியா எடுத்து வைக்கணும்?"

கடைசி வீட்டுப் பெண் எழுந்தாள். "எங்களுக்கு வருஷத்துல ஒரே பருவம். உங்களுக்கு அஞ்சு மாசம். எங்க வள்ளம் வெளிக்கடலுக்குப் போகாது. அது எங்க தப்பா?"

தலைவர் என்னைப் பார்த்தார். "ஃப்ராவ் டொக்டர், எந்த வலை கடலுக்குக் கெடுதல்னு நீங்க சொல்லுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். என்னிடம் ஒரு வருஷத்து அளவுகள் இருந்தன. அவற்றைச் சொன்னேன். இழுவை மடியில் முழு வளர்ச்சியடையாத குஞ்சு மீன் நிறைய வருகிறது, செவுள் வலையில் அது வலைக்கண் வழியாகத் தப்பிவிடுகிறது என்றேன். அடுப்புப் பக்கம் மேஜையைத் தட்டினார்கள். ஆனால் செவுள் வலையில் மாட்டுவது முட்டையிடப் போகிற தாய்மீன், அதையும் அளவில்லாமல் எடுக்கமுடியாது என்றேன். தட்டுவது நின்றது. ஜன்னல் பக்கத்தில் ஒருவர் சிரித்தார். நான் உட்கார்ந்தபோது இரண்டு பக்கத்திலும் எனக்கு ஆள் இல்லை.

கடைசியில் பிரித்தார்கள். பெரிய பங்கு இழுவை மடிக்கு. சிறிய பங்கு செவுள் வலைக்குத் தனியாக, யாரும் தொடக்கூடாது. ஆனால் ஒரு நிபந்தனை. ஈஸ்டர் திங்கள் வரைக்கும் வள்ளக்காரர்கள் பிடிக்காமல் விட்ட மிச்சம் விசைப்படகுகளுக்குப் போய்விடும். ஈஸ்டர் வருஷத்துக்கு வருஷம் நாள் மாறும், மீன் அதைப் பார்த்து வராது என்று சொன்னேன். "ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற நாள் அதுதான்" என்றார் தலைவர். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து பலகையில் இரண்டு பத்தி. இடப்பக்கம் இழுவை மடி, வலப்பக்கம் செவுள் வலை.

இரண்டாவது குளிர்காலம் நான் அதுவரை பார்த்திராத குளிர்காலம். பனி கதவை மூடியது. விரிகுடா உறைந்து, அதன் மேல் ஆட்கள் நடந்து போனார்கள். வெளிக்கடல் உறையவில்லை. விசைப்படகுகள் வழியை உடைத்துக்கொண்டு போய்ப் பிடித்துவந்தன. பிப்ரவரி முடிவதற்குள் இடப்பக்கப் பத்தியில் மிச்சம் இல்லை என்று எழுதினேன். படகுகளைத் துறையில் கட்டிவிட்டார்கள். வலப்பக்கத்தில் ஒதுக்கியது ஒதுக்கியபடியே இருந்தது. உறைந்த தண்ணீரில் வலை எப்படிப் போடுவது?

மார்ச் முழுக்க துறைமுகத்தில் சத்தமே இல்லை. மீன் இறங்காததால் எனக்கும் வேலை இல்லை. ஆனாலும் தினமும் ஏலக்கூடத்துக்குப் போவேன். மேஜையைத் துடைப்பேன், கத்திகளைத் தீட்டுவேன், பலகையைப் பார்ப்பேன். வேலையில்லாமல் நிற்கும் விசைப்படகு ஆட்களும் வந்து பலகையைப் பார்ப்பார்கள். கடலில் மீன் இருந்தது, படகு இருந்தது, பலகையில் மிச்சமும் இருந்தது. அவர்கள் தொடக்கூடாது. போன வருஷம் வள்ளக்காரர்கள் கரையில் நின்ற மாதிரியே இவர்கள் நின்றார்கள். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை.

புகைக்கூடத்திலும் அடுப்பு அணைந்துவிட்டது. ஒரு நாள் பத்துமணிக்குப் போனபோது அண்ணை பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மேலங்கி போட்டிருக்கவில்லை.

"மீன் இல்லாமல் அடுப்பை எரிச்சு என்ன செய்யிறது? முதலாளி என்னையும் இன்னும் ரெண்டு பேரையும் நிப்பாட்டிப் போட்டார். மீன் வந்தால் கூப்பிடுறாராம்."

"வந்துடும் அண்ணை."

அவர் ஏலக்கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பலகையில கிடக்கிற மிச்சத்தைப் பெரிய படகுக்காரருக்குக் குடுத்தால் நாளைக்கே மீன் வரும். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் கேப்பினம்தானே?"

"நான் சொல்லி ஒண்ணும் ஆகாது. மீட்டிங்லதான் டிசைட் பண்ணுவாங்க. என்கிட்ட மீன் கரைக்கு வருமா வராதான்னு மட்டும்தான் கேப்பாங்க."

"வருமோ?"

"வரும். எப்போன்னுதான் தெரியலை."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நான் உங்களைக் குறை சொல்லேல்லைத் தங்கச்சி. அந்தக் கடைசி வீட்டு மனிசியும் பாவம், போன வருசம் நான் பாத்தனான்தானே. ஆனால் எப்ப எண்டு தெரியாமல் என்னால நிக்கேலாது. வேலை இல்லை எண்டால் என்ர ஆன்ட்ராக்குக்கும் கரைச்சல். டோர்ட்மண்டில எங்கட ஆக்கள் நாலைஞ்சு பேர் நிக்கினம். இரும்பு ஆலையில ஆள் எடுக்கினமாம். நான் போறன்."

"ஈஸ்டர் வரைக்குமாவது இருங்க அண்ணை."

"ஏலாது" என்றார்.

அந்த வாரமே போனார். ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஒரு பெட்டி, ஒரு பை. ஜன்னல் கதவை இறக்கி, "குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்ளுங்கோ, வாறன்" என்றார். எங்கள் வழக்கத்திலும் அதே வார்த்தைதான். போகிறேன் என்று சொல்லமாட்டோம். ரயில் போனபிறகு நடைமேடையில் நின்று, இனி இந்த ஊரில் வாய்விட்டுத் தமிழ் பேசினால் அது எனக்கு நானே பேசிக்கொள்வதுதான் என்று நினைத்தேன். அந்த ரயிலை அனுப்பியதில் நான் எழுதிய பலகைக்கும் பங்கு இருந்தது. அது என் தவறு என்று நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. தவறாக இருந்திருந்தால் வருத்தப்பட ஒரு இடமாவது கிடைத்திருக்கும்.

ஈஸ்டருக்குச் சில நாள் முன்பு விரிகுடாவில் பனிக்கட்டி உடைந்தது. ஆனால் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தது. வள்ளக்காரர்கள் வலை போட்டார்கள், வெறுமையாக எடுத்தார்கள். விசைப்படகுக்காரர்கள் சங்கக் கூட்டத்தைக் கூட்டினார்கள். நாள் நெருங்கிவிட்டது, திங்கள் தாண்டியதும் மிச்சம் எங்களுக்கு வரவேண்டும் என்றார்கள். வள்ளக்காரர்கள் இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்றார்கள். தலைவர் என்னிடம் வந்தார்.

"கூட்டத்துல உங்களைக் கேப்பேன். மீன் வருமா? வராதுன்னா வீணா எதுக்குக் காத்திருக்கணும்?"

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

எனக்கு ஒரு வள்ளம் தேவைப்பட்டது. கடைசி வீட்டுப் பெண்ணிடம் போனேன். ஒரு வருஷமாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சோதனைக்கு ஒரு வலையை விரிகுடா வாயில், ஆழமான இடத்தில் போட்டு எடுக்க வேண்டும் என்றேன். அவள் யோசித்தாள்.

"மீன் வரும்னு சொல்றதுக்கா?"

"என்ன இருக்குன்னு பாக்கிறதுக்கு. இல்லைன்னா இல்லைன்னுதான் சொல்லுவேன்."

"சரி. நாளைக் காலையில வாங்க. பூட்ஸ் இருக்கா?"

என்னிடம் இருந்தது போதாது என்று அவள் கணவருடைய பூட்ஸைக் கொடுத்தாள். இரண்டு காலுறைகளைத் திணித்து மாட்டிக்கொண்டேன். வலையைப் போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் எடுக்கப் போனபோது காற்று இல்லை. அவள் இழுக்க, நான் வெப்பமானியைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டேன். வலை முக்கால்வாசி வெறுமையாக வந்தது. பிறகு ஒன்று, இன்னொன்று, கடைசியில் ஒரு கையளவு மீன். வள்ளத்திலேயே வைத்துக் கீறினேன். சினை முற்றி, விரலால் லேசாக அழுத்தினாலே முட்டை வழிந்தது.

அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்ன?"

"வாசல்ல நிக்குது. தண்ணி சூடாகக் காத்திருக்கு."

"எத்தனை நாள்?"

"அது எனக்குத் தெரியாது."

அவள் தலையை ஆட்டினாள். "எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பினாள்.

கூட்டத்தில் அதையேதான் சொன்னேன். மீன் விரிகுடா வாயில் நிற்கிறது, சினை முற்றியிருக்கிறது, வரும், நாள் சொல்லமுடியாது. ஜன்னல் பக்கத்தில் முணுமுணுப்பு. நாள் சொல்லமுடியாத படிப்பு எதுக்கு என்று ஒருவர் கேட்டார். தலைவர் அவரை அடக்கினார். நீண்ட நேரம் பேசிவிட்டுக் கைதூக்கச் சொன்னார்கள். தலைவர் வள்ளக்காரர்கள் பக்கம் கை தூக்கினார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் தூக்கியதும் இன்னும் இரண்டு விசைப்படகுக்காரர்கள் தூக்கினார்கள். இரண்டு வாரம் நீட்டிப்பு.

வெளியே வந்தபோது அவர் என்னிடம் சொன்னார். "இது உங்களுக்காக இல்லை. போன வருஷம் நாங்க முடிச்சிட்டோம். அது சரியில்லை. ஆனா மீன் வரலைன்னா, என் படகுல வேலை செய்யற ஆளுங்க உங்களை மன்னிக்கமாட்டாங்க. நானும் அவங்களைத் தடுக்கமாட்டேன்."

முதல் வாரம் வெறுமையாகப் போனது. ரொட்டிக்கடையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் தினமும் வெப்பமானியோடு துறையின் முனைக்குப் போய்வந்தேன்.

இரண்டாவது வாரத்தின் நடுவில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று அடித்தது. அதற்கு மறுநாள் மீன் வந்தது. வள்ளங்கள் விளிம்பு வரை தண்ணீரில் அமிழ்ந்து திரும்பின. வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கக் கை போதவில்லை. கிழக்குக் கரைக்கு அளக்கப் போன என்னைப் பார்த்ததும் அந்தப் பெண், "அளக்கறது அப்புறம். இந்த முனையைப் பிடிங்க" என்றாள். கொட்டகையில் அவளுக்கு எதிரே நின்று, வலையிலிருந்து ஹெரிங்கின் தலையைத் திருகி விடுவித்துக்கொண்டேயிருந்தேன். விரல் மரத்துப்போனது. செதில் கண்ணிமை வரை ஒட்டியது. மத்தியானம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஊரில் நான் இருந்த நாட்களில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்த நாள்.

வலப்பக்கப் பத்தியில் பெரும்பகுதி தீர்ந்தது. மிஞ்சியது நாள் முடிந்ததும் விசைப்படகுகளுக்குப் போனது. அவர்களும் இரண்டு நடை போய்வந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கியதால் ஏலத்தில் விலை படுத்துவிட்டது, அதற்கும் ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். ஆனால் நான் அந்த ஊரை விட்டுப் போனபிறகு நடந்த இலையுதிர்காலக் கூட்டத்தில் பங்கு பிரித்ததை யாரும் மாற்றச் சொல்லவில்லையாம். ஈஸ்டரை மட்டும் எடுத்துவிட்டு, மே தொடக்கம் என்று வைத்தார்களாம்.

புகைக்கூடத்தில் அடுப்பு எரிந்தது. அண்ணையின் இடத்தில் வேறொருவர் மீனைக் கோத்துக்கொண்டிருந்தார். முதலாளி அண்ணைக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார் என்று, அவர் விட்டுப்போன எண்ணுக்குத் தபால் நிலையத்திலிருந்து போன் செய்தேன். யாரோ எடுத்து, கூப்பிட்டார்கள்.

"மீன் வந்துட்டுது அண்ணை. வேலைக்கு வரச் சொல்றாங்க."

"சந்தோசம் தங்கச்சி. ஆனால் இஞ்சை வேலை பிடிச்சுப் போட்டன். இனி அங்கால வரேலாது. நீங்கள் ஒருக்கால் இஞ்சால வாங்கோவன்."

கோடையில், வேலை முடிந்து நான் கீலுக்குத் திரும்புவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். நீண்ட ரயில் பயணம். டோர்ட்மண்டில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஐந்து ஆண்கள். அண்ணை வாசலுக்கு வந்து கூட்டிப்போனார். மெலிந்திருந்தார். இரவுப் பணி முடிந்து வந்து, நான் வருவேன் என்று தூங்காமல் இருந்திருக்கிறார். தேநீர் போட்டுக் கொடுத்தார்கள். நான் மீன் வந்த கதையைச் சொன்னேன். வலையைப் போட்டது, அந்தப் பெண் பூட்ஸ் கொடுத்தது, தலைவர் கை தூக்கியது.

"பிறகு?" என்றார். "பிறகு?" என்று இன்னொரு தடவை கேட்டார். தெற்குக் காற்று அடித்த இடத்துக்கு வந்தபோது பார்த்தால், சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார்.

மற்றவர்கள் சங்கடப்பட்டார்கள். ஒருவர் எழுந்தார். "எழுப்பட்டே அக்கா?"

"வேண்டாம். தூங்கட்டும்."

பிறகு ஒருவர் உள்ளே போய், அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். "நீங்கள் படிச்சனீங்கள். இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ." அதைப் படித்துச் சொன்னதும் அடுத்தவர் தன்னுடையதைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாகப் படித்து, என்ன நாளில் எங்கே போகவேண்டும், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர்கள் கவனமாகக் கேட்டார்கள். இடையிடையே தாழ்ந்த குரலில் சந்தேகம் கேட்டார்கள், தூங்குகிறவர் விழித்துவிடக் கூடாதென்று.

ரயிலுக்கு நேரமானது. ஒருவர் நிலையம் வரைக்கும் கூட வந்தார். அண்ணையிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டார்.

"வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க" என்றேன். வண்டி வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது.